ஆயிரம் சி.சி.க்குள் எத்தனை மண்?

சிவகங்கைப் பக்கம் ஒரு கண்மாய்க் கரைதான் என் முதல் சைட். கரையில் ஒரு பகுதி மழையில் அரித்துப் போயிருந்தது, அதை மண் கொட்டி, தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்டி பழைய உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும். அளந்து பார்த்ததில் நிரப்ப வேண்டிய அளவு சரியாக ஆயிரம் கன மீட்டர் வந்தது. லாரிக்காரர்கள் யூனிட் கணக்கில்தான் பேசுவார்கள். ஒரு யூனிட் என்றால் நூறு கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். மூன்று யூனிட் பிடிக்கும் டிப்பர் என்றால் 118 லோடு. நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டேன்.

118வது லோடும் இறங்கி, ரோலர் ஓடி முடிந்த சாயங்காலம் டேப் பிடித்துப் பார்த்தால் கரையில் இருந்தது ஏறக்குறைய 720 கன மீட்டர். கால் பங்குக்கு மேல் காணவில்லை. எனக்கு வந்த முதல் நினைப்பு, லாரியில் குறைத்து ஏற்றியிருக்கிறார்கள் என்பதுதான். டிரைவர் என் அப்பா வயதுக்காரர். அத்தனை பேர் முன்னால் அவரை நிறுத்திவைத்துக் கேட்டேன். “சார், தலைதட்டித்தான் ஏத்திட்டு வர்றேன். சந்தேகம்னா பாடியை அளந்து பாருங்க” என்றார். அளந்தேன், நீளம் அகலம் உயரம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அவர் அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வண்டிக்குப் போய்விட்டார்.

ரோலர் பக்கத்தில் நின்ற மேஸ்திரி மெதுவாக வந்து சொன்னார்: “மண்ணு எங்கேயும் போகல தம்பி. அமுங்கியிருக்கு. படியில அரிசியை அளந்து ரெண்டு தட்டுத் தட்டினா இறங்குதுல்ல, அதுதான் இது.”

கல்லூரியில் இதை நான் படித்திருந்தேன். ஒரு பெட்டியை மூன்றாகக் கோடு போட்டுப் பிரித்து, கீழே மண்துகள், நடுவில் தண்ணீர், மேலே காற்று என்று வரையச் சொல்வார்கள், மண்ணியல் வகுப்பில் முதல் வாரப் பாடமே அதுதான். இரண்டு மார்க் கேள்விக்கு அந்தப் படத்தை எத்தனையோ தடவை வரைந்தாயிற்று. ஆனால் அந்தப் பெட்டிதான் என் முன்னால் டிப்பர் வடிவத்தில் நிற்கிறது என்று தோன்றவில்லை. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை, விடிந்ததும் கோர் கட்டரை எடுத்துக்கொண்டு மண் வெட்டும் இடத்துக்குப் போனேன்.

கோர் கட்டர் பார்க்க மிகச் சாதாரணமான சாமான். இரும்புக் குழாய்த் துண்டு, உள்விட்டம் 10 சென்டிமீட்டர், உயரம் 12.73 சென்டிமீட்டர், ஒரு முனை கத்தி மாதிரி தீட்டியிருக்கும். இந்த விசித்திரமான உயரம் எதற்கென்றால், உள்ளே பிடிக்கும் கன அளவு ஆயிரம் சி.சி., அதாவது ஆயிரம் கன சென்டிமீட்டர், வரவேண்டும் என்பதற்காக. மேலே ஒரு வளையத்தை வைத்து, சம்மட்டியால் நேராக அடித்து இறக்க வேண்டும். சாய்ந்தால் மண் கலைந்துவிடும், அப்புறம் அந்தச் சாம்பிள் எதற்கும் ஆகாது. முழுசாக இறங்கியதும் சுற்றிலும் கடப்பாறையால் தோண்டி, அடியில் மண்வெட்டி கொடுத்துத் தூக்கி, இரண்டு பக்கமும் கத்தியால் சமமாகச் சீவினால், கையில் இருப்பது பூமியில் இருந்தது இருந்தபடியே ஒரு லிட்டர் மண். உள்ளே காற்றும் அப்படியே இருக்கிறது, ஈரமும் அப்படியே இருக்கிறது. இன்றைக்கும் அதைக் கையில் வாங்கும்போது எனக்கு ஒரு மரியாதை வரும்.

குழாயின் எடையைக் கழித்துப் பார்த்தால் மண் 1,760 கிராம். அதன் நடுவிலிருந்து சரியாக 110 கிராம் ஒரு தகர டப்பாவில் எடுத்தேன். முறைப்படி 105லிருந்து 110 டிகிரிச் சூட்டில் 24 மணி நேரம் அடுப்பில் வைக்க வேண்டும். சைட்டில் அதற்கு வழியில்லை, மெத்திலேட்டட் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்தினேன். நீல நெருப்பு மண்மேல் தவழ்ந்து அணையும், கிளறிவிட்டு மறுபடி ஊற்ற வேண்டும். மூன்று தடவை எரித்த பிறகு எடை 100 கிராமில் நின்றது, அதற்குமேல் குறையவில்லை. பத்து கிராம் தண்ணீர், நூறு கிராம் காய்ந்த மண். ஈரப்பதம் பத்து சதவீதம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும், பலரும் இதில்தான் வழுக்குவார்கள். மண்ணில் ஈரப்பதம் என்பது தண்ணீரின் எடையை மொத்த எடையால் வகுப்பது கிடையாது, காய்ந்த துகளின் எடையால் வகுப்பது. அதனால் அது நூறு சதவீதத்தைத் தாண்டலாம். மொத்த எடை மழைக்கும் வெயிலுக்கும் மாறிக்கொண்டே இருக்கும். துகளின் எடை மாறாது. மாறாததை வைத்துத்தானே மாறுவதை அளக்க முடியும்?

சரி, 1,760 கிராமில் துகள் மட்டும் 1,600, தண்ணீர் 160. லேபில் அடர்த்திக் குப்பி வைத்துப் பார்த்ததில் இந்த மண்ணின் துகள் தண்ணீரைப்போல 2.67 மடங்கு கனம், இதைத்தான் ஒப்படர்த்தி என்பார்கள். 1,600ஐ 2.67ஆல் வகுத்தால் 599. ஆக, ஒரு லிட்டர் மண்ணுக்குள் நிஜமான மண் 599 சி.சி.தான். தண்ணீர் 160 சி.சி. மிச்சம் 241 சி.சி. வெறும் காற்று. கடப்பாறை போட்டால் ‘ணங்’ என்று திருப்பி அடிக்கிற தரை, அதில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு காற்று!

அப்புறம் டிப்பர். ஒரு லோடை எடை மேடையில் ஏற்றினேன், வண்டி எடை போக 12,140 கிலோ வந்தது. மூன்று யூனிட் என்றால் 8.49 கன மீட்டர். வகுத்து, ஈரத்தையும் கழித்தால், லாரியில் இருக்கும் மண்ணின் உலர் அடர்த்தி, அதாவது ஒரு லிட்டரில் காய்ந்த துகளின் எடை மட்டும், 1,300 கிராம். துகள் 487 சி.சி., தண்ணீர் 130, காற்று 383. பாதிக்கும் கீழேதான் மண். டிரைவர் தலைதட்டித்தான் ஏற்றினார், ஆனால் அந்தத் தலைதட்டிய அளவில் காற்றும் சேர்ந்து வந்தது. வெட்டும்போது ஜேசிபி கட்டியை உடைத்து உடைத்துப் போடுகிறது, கட்டிக்கும் கட்டிக்கும் நடுவில் காற்று புகுந்துகொள்கிறது.

கடைசியாக, ரோலர் ஓடிய கரையில் கோர் கட்டரை அடித்தேன். அங்கே உலர் அடர்த்தி லிட்டருக்கு 1,800 கிராம். தண்ணீர் லாரி தெளித்திருந்ததால் ஈரம் 13 சதவீதம். துகள் 674, தண்ணீர் 234, காற்று 92. இதற்குப் பிறகு கணக்கு ஒரே வரிதான். 1,800ஐ 1,300ஆல் வகுத்தால் 1.385. கரையில் ஒரு கன மீட்டர் வேண்டுமென்றால் லாரியில் 1.385 கன மீட்டர் வரவேண்டும். ஆயிரத்துக்கு 1,385, யூனிட்டில் 489, லோடில் 163. நான் எழுதியது 118. குறைந்த 45 லோடும் என் நோட்டிலேயே குறைந்திருந்தது.

டிரைவரிடம் போய் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். “விடுங்க சார், ரோலர் ஓடினா இறங்கும்னு எங்களுக்குத் தெரியும். ஏன் இறங்குதுன்னுதான் தெரியாது” என்றார். அவருக்கு அந்த மூன்று பாகக் கணக்கைத் தரையில் குச்சியால் வரைந்து காட்டினேன், பொறுமையாகக் கேட்டார்.

இந்த மூன்று இடத்திலும் மாறாமல் இருந்தது துகள் மட்டும்தான். பள்ளத்திலிருந்து லாரிக்கு, லாரியிலிருந்து கரைக்கு அதே துகள்கள்தான் பயணம் போகின்றன, அவற்றுக்கு இடையில் தண்ணீரும் காற்றும் பிடித்திருக்கும் வெற்றிடம்தான் விரிந்து சுருங்குகிறது. அதனால்தான் மண்ணியல்காரர்கள் வெற்றிட விகிதம் என்ற ஒன்றைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். சைட்டில் ‘வாய்ட் ரேஷியோ’ என்றே சொல்வோம். வெற்றிடத்தின் கன அளவை, துகளின் கன அளவால் வகுப்பது. லாரியில் அது 1.05, பள்ளத்தில் 0.67, கரையில் 0.48. போரோசிட்டி என்று இன்னொன்றும் உண்டு, அது வெற்றிடத்தை மொத்த அளவால் வகுப்பது: 51, 40, 33 சதவீதம். இரண்டும் ஒரே சங்கதியைத்தான் சொல்கின்றன, ஆனால் போரோசிட்டியில் மேலே இருப்பதும் மாறுகிறது, கீழே இருப்பதும் மாறுகிறது. வாய்ட் ரேஷியோவில் கீழே இருப்பது துகள், அது நகராது. படிக்கும்போது ஏன் ஒரே விஷயத்துக்கு இரண்டு பேர் என்று எரிச்சலாக இருந்தது, அந்த 45 லோடுக்குப் பிறகு எரிச்சல் போய்விட்டது.

வெற்றிடத்தில் எவ்வளவு பங்கு தண்ணீர் நிரம்பியிருக்கிறது என்பதுதான் செறிவு. கரையில் 326 சி.சி. வெற்றிடத்தில் 234 தண்ணீர், அதாவது 72 சதவீதம். இந்த எண்களையெல்லாம் சேர்த்துக் கட்டுகிற ஒரு கயிறு இருக்கிறது: செறிவை வாய்ட் ரேஷியோவால் பெருக்கினால் வருவதும், ஈரப்பதத்தைத் துகளின் ஒப்படர்த்தியால் பெருக்கினால் வருவதும் ஒன்று. நம் கரைக்கு இரண்டு பக்கமும் 0.347 வரும், போட்டுப் பாருங்கள். இந்த ஒரு சமன்பாடு தெரிந்தால், மண்ணைப் பற்றி யார் என்ன எண் சொன்னாலும் அது நடக்கிற காரியமா என்று பார்த்துவிடலாம்.

அப்படிப் பார்க்க வேண்டிய நாளும் வந்தது. சில வருஷம் கழித்து வேறொரு கரை வேலை, மண் மட்டும் கிட்டத்தட்ட அதே ஜாதி, துகளின் ஒப்படர்த்தி நாங்களே பார்த்தது, அதே 2.67. இரண்டு நாள் விடாமல் மழை. மூன்றாம் நாள் ரோலரை ஏற்றினால் தரை ரப்பர் மாதிரி அமுங்கி எழும்புகிறது, சக்கரத்துக்கு முன்னால் ஒரு அலை ஓடுகிறது. ஆபரேட்டர் பத்து தடவை, பன்னிரண்டு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டார். ஆனால் மறுநாள் என் மேஜைக்கு வந்த சோதனை ரிப்போர்ட்டில் எல்லாம் பாஸ். ஈரம் 20 சதவீதம், உலர் அடர்த்தி லிட்டருக்கு 1.82 கிலோ.

பேனாவை எடுத்து ரிப்போர்ட்டின் ஓரத்திலேயே கணக்குப் போட்டேன். துகள் 1,820 கிராம், 2.67ஆல் வகுத்தால் 682 சி.சி. தண்ணீர் 1,820இல் இருபது சதவீதம், 364 கிராம், 364 சி.சி. இரண்டையும் கூட்டினால் 1,046. ஆயிரம் சி.சி. பிடிக்கிற குழாய்க்குள் 1,046 சி.சி. சாமான் எப்படி இருக்கும்? காற்று ஒரு துளிகூட இல்லை என்று வைத்துக்கொண்டாலும், இருபது சதவீத ஈரத்தில் அந்த மண் அடையக்கூடிய உச்சம் 1.74தான். எத்தனை டன் ரோலர் என்றாலும் அதைத் தாண்ட முடியாது, ஏனென்றால் தண்ணீரை அமுக்கிச் சுருக்க முடியாது. சாம்பிளே எடுக்காமல் யாரோ எழுதியிருக்கிறார்கள், எழுதும்போது மழை பெய்தது நினைவில் இருந்ததால் ஈரத்தை மட்டும் நேர்மையாகக் கூட்டி எழுதிவிட்டார்கள். கண்மாய்க்குக் கீழே ஊர் இருக்கிறது. அந்தக் கரை கசிந்தால் முதலில் தண்ணீர் போவது அந்த வீடுகளுக்குள்தான், அதை நினைத்தபோது எனக்கு வந்த கோபம் லேசில் அடங்கவில்லை. அந்த அடுக்கை முழுக்கக் கிளறி, உழுது, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, மறுபடி ரோலர் ஓட்டினோம்.

மழை அதிகமானால்தான் வம்பு என்று நினைக்க வேண்டாம், காய்ந்துபோனாலும் வம்புதான். காய்ந்த கட்டிகள் ஒன்றோடொன்று முட்டுக்கொடுத்துக்கொண்டு நிற்கும், ரோலருக்கு மசியாது. கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தால் இளகி, நழுவி, நெருங்கி உட்காரும், காற்று வெளியேறும். இன்னும் சேர்த்தால் தண்ணீரே இடத்தைப் பிடித்துக்கொள்ளும், துகள் நெருங்க வழியில்லை. நடுவில் ஒரு ஈரம் இருக்கிறது, அதில்தான் மண் அதிகபட்ச அடர்த்திக்கு வரும். லாஸ் ஏஞ்சலீஸில் அணை கட்டிக்கொண்டிருந்த ரால்ஃப் ப்ராக்டர் 1933இல் இதை முறைப்படுத்தி எழுதினார், இன்றுவரை உலகம் முழுக்க லேபில் செய்யும் சோதனை அவர் பேரில்தான் இருக்கிறது. நம் ஊரில் 2.6 கிலோ சம்மட்டியை 31 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விட்டு, மூன்று அடுக்கு, அடுக்குக்கு 25 அடி. ஒவ்வொரு தடவையும் ஈரத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டே போனால், அடர்த்தி ஏறி, ஓரிடத்தில் நின்று, இறங்கும். என் முதல் கண்மாய் மண்ணுக்கு அந்த உச்சம் 13 சதவீத ஈரத்தில் 1.88.

பத்து சதவீத ஈரத்தில் வந்த மண்ணைப் பதின்மூன்றுக்குக் கொண்டுபோக எத்தனை லாரித் தண்ணீர்? ஆயிரம் கன மீட்டர் கரையில் காய்ந்த துகள் 1,800 டன். அதில் மூன்று சதவீதம் 54 டன், அதாவது 54,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரி என்றால் நாலரை லோடு, வெயிலில் ஆவியாகப் போவதற்கு மேலே கொஞ்சம். பல சைட்டிலும் இதைக் கண்ணளவில்தான் தெளிக்கிறார்கள். அனுபவமுள்ள ஆபரேட்டருக்கு ஒரு பிடி மண்ணை உருண்டை பிடித்துப் பார்த்தாலே தெரியும் என்பதும் உண்மைதான், நானே பார்த்திருக்கிறேன். ஆனாலும் கணக்குப் போட அரை நிமிஷம் ஆகுமா?

ரோலர் வெளியே தள்ளுவது காற்றை. தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் போகாது, அதுவும் களிமண்ணில். களிமண்ணின் துளைகள் அத்தனை நுண்ணியவை, பாரம் ஏறினால் தண்ணீர் துளித்துளியாக, வருஷக்கணக்கில் கசிந்து வெளியேறும், அதன் கூடவே தரை இறங்கும். இந்த மெதுவான இறக்கத்துக்குக் கணக்கு கண்டுபிடித்தவர் கார்ல் டெர்சாகி, இஸ்தான்புல்லில் ஆசிரியராக இருந்த காலத்தில், 1923இல்.

இதற்கு மெக்சிகோ நகரத்தைப் போல ஒரு உதாரணம் கிடைக்காது. பழைய ஏரிப் படுகைமேல் உட்கார்ந்திருக்கிற ஊர். அந்தக் களிமண்ணில் ஈரப்பதம் முந்நூறு சதவீதத்தைக்கூடத் தாண்டும், ஒரு பங்கு துகளுக்கு மூன்று பங்கு எடையில் தண்ணீர். வாய்ட் ரேஷியோ ஏழு என்று வைத்துக்கொள்ளுங்கள்: எட்டு லிட்டர் மண்ணில் ஏழு லிட்டர் தண்ணீர், துகள் ஒரே ஒரு லிட்டர். நகரம் குடிப்பதற்காக நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டே இருந்தது, களிமண் துகள்கள் தாங்க வேண்டிய பாரம் கூடி, தண்ணீர் மெல்ல வடிந்தது. ஏழு ஆறாகக் குறைந்தால் எட்டில் ஒரு பங்கு உயரம் போயிற்று. முப்பது மீட்டர் களிமண் அடுக்கு என்றால் 3.75 மீட்டர்! 1910இல் திறந்துவைத்த சுதந்திரத் தேவதை நினைவுத்தூண் ஆழமான அடித்தளத்தில் நிற்பதால் அப்படியே இருக்க, சுற்றியிருந்த தெரு இறங்கிக்கொண்டே போய், தூணுக்கு ஏறிப்போக 14 படிகள் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. தூண் உயர்ந்த மாதிரிதான் பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். துகள் ஒன்றுகூடக் குறையவில்லை, நடுவிலிருந்த தண்ணீர்தான் போய்விட்டது.

போன ஐப்பசியில் அக்காவிடமிருந்து காலையிலேயே போன். வீடு கட்டிக்கொண்டிருக்கிறாள், இரண்டு நாளுக்கு முன்னால் மூன்று யூனிட் மணல் இறக்கியிருந்தார்கள், ராத்திரி கொட்டோ கொட்டென்று மழை. “காலையில பார்த்தா குவியல் இறங்கிக் கெடக்குடா. நேத்து இருந்த உசரம் இல்ல. பக்கத்துல எவனாவது அள்ளிட்டானா, இல்ல லாரிக்காரன்தான் கொறச்சுப் போட்டுட்டானா? இப்பவே போன் போட்டுக் கேக்கப் போறேன்” என்றாள்.

“அக்கா, ஒரு அஞ்சு நிமிஷம் பொறு, யாரையும் எதுவும் கேக்காத” என்றேன். லேசான ஈரமுள்ள மணல் உப்பும். துகள்மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய தண்ணீர்ப் படலம் துகள்களை நெருங்கவிடாமல் பிடித்து வைக்கும், ஐந்தாறு சதவீத ஈரத்திலேயே கால் பங்கு வரைக்கும் அளவு கூடிவிடும். முழுக்க நனைந்தால் படலம் உடைந்து மணல் இறங்கிவிடும். ஆற்று மணலும் சரி, எம் சாண்டும் சரி, இரண்டும் உப்பும். சிமெண்ட் குடோனுக்குள் மழை படாத மணல் கொஞ்சம் அள்ளி வைத்திருப்பதாகச் சொன்னாள். நேரான கண்ணாடிப் பாத்திரம் ஒன்றில் அதைத் தளர்வாக 15 சென்டிமீட்டர் உயரத்துக்குப் போட்டு, ஸ்கேல் வைத்து அளந்து, மணல் முழுகுகிற அளவுக்குத் தண்ணீர் ஊற்றிக் கம்பியால் நன்றாகக் கிண்டிவிடச் சொன்னேன்.

போனைக் கீழே வைத்துவிட்டுப் போனாள். பாத்திரச் சத்தம், பைப் திறக்கிற சத்தம், கம்பி கண்ணாடியில் இடிக்கிற சத்தம். அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை.

“பன்னெண்டு காட்டுதுடா” என்றாள்.